ஜன்னல் பக்கம் ஆறு நாற்காலி

கடிதம் ரெண்டே பக்கம். முதல் பக்கம் முழுக்கச் சட்டப் பிரிவுகளின் எண்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரே வரியில் அவள் கதையை முடித்துவிட்டிருந்தார்கள். மனுவில் சொன்ன முகவரிக்கு அதிகாரி நேரில் போய்ப் பார்த்தாராம், அப்படி ஒருவர் அங்கே வேலை செய்வதற்கான அடையாளம் எதுவும் இல்லையாம், ஆகவே வேலை விசா நீட்டிப்பு மறுக்கப்படுகிறதாம். மேல்முறையீடு செய்ய முப்பது நாள். செய்வதானால், வேலை செய்த இடத்துப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட்ட எழுத்துச் சான்று கட்டாயம் வேண்டும்.

அப்படி ஒருவர். கேட்டீர்களா கூத்தை? ரெண்டரை வருஷமாக, வாரத்துக்கு நாலு நாள், காலை எட்டுக்குள் அந்த நாலாம் மாடிக்குப் போய் உட்கார்ந்து, கம்பெனியின் டேட்டாபேஸ் மொத்தத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் அவள். மற்றவர்கள் காப்பி மெஷின் முன்னால் நின்று கொட்டாவி விடும் நேரத்தில், முந்தின நாள் பேக்கப் நகல் ஒழுங்காக விழுந்ததா என்று இவள் பார்த்து முடித்திருப்பாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். சோதிக்காமல் எதையும் சரி என்று சொல்ல மாட்டாள். அதனாலேயே டீமில் அவளுக்குக் 'கறார்' என்று பேர். வயதில் சின்னவர்கள் 'கறார் அக்கா' என்பார்கள். அப்பேர்ப்பட்டவளை, இல்லவே இல்லை என்று ஒருத்தன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கும்போது அந்த ஒரே வரியின் கீழே பேனாவை அழுத்திக் கோடு போட்டாள்.

சாயங்காலம் புருஷன் கிளினிக்கிலிருந்து வந்தான். அவன் பிசியோதெரபிஸ்ட். அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து நாலு வருஷம் அவன் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். நாலு வருஷமும் சமைத்தான், துவைத்தான், சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து இந்த ஊர் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்தான். போனில் சொந்தக்காரர்கள் "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுச் சிரிக்கும்போது அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். அப்புறம் அனுமதி வந்து, பரீட்சையில் தேறி, கிளினிக்கில் சேர்ந்து மூணே மாசம்தான் ஆகிறது. வேலைக்கென்று வாங்கிய வெள்ளை ஷூவை இன்னும் தினமும் துடைத்து வைக்கிறான். கடிதத்தை அந்த ஷூவோடு நின்றபடியே படித்தான்.

"ஆபீஸ்ல சொன்னா சரி பண்ணிடுவாங்கம்மா. நீ தினம் போறது அவங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதுதானே வயிற்றெரிச்சல்.

நடந்தது இதுதான். அந்தக் கம்பெனியில் யாருக்கும் சொந்தமாக நாற்காலி கிடையாது. எவன் கண்டுபிடித்த புண்ணியமோ, ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் அறுநூறு நாற்காலி போட்டுவிட்டு, தினமும் போனில் இடம் பதிவு செய்துகொண்டு வா என்று ஒரு செயலியைக் கொடுத்திருந்தார்கள். நேரத்தோடு பதிவு செய்யாதவன் கழிப்பறை வாசலுக்குப் பக்கத்திலோ வேறு மாடியிலோ போய் உட்கார வேண்டியதுதான். டீம் லீடுகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, ஒருவர் பேரில் ஆறு இடம் வரை பிடித்துவைக்கலாம். இவர்கள் லீடு அதை விடுவாரா? வாரா வாரம் ஜன்னல் பக்கத்து ஆறு நாற்காலியையும் தன் பேரிலேயே பிடித்துவிடுவார். ஆள் சேர்த்து, இடம் பிடித்து, வேலை பிரித்துக் கொடுப்பதால் அவருக்கு 'மேஸ்திரி' என்று பேர். அவள் அவரை அண்ணா என்பாள். முன்பு இருந்த கம்பெனியிலிருந்து அவளை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். "நீ அந்த மூலையில உக்காரும்மா, வெளிச்சம் நல்லா இருக்கும்" என்று முதல் நாள் காட்டினார். உட்கார்ந்தாள். ரெண்டரை வருஷம் அங்கேயே உட்கார்ந்தாள். அவ்வளவு கறாரானவள், தன் பேரில் ஒரு நாற்காலி ஒரு நாளாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்த அன்று அவள் கீழ்த்தளத்து மெஷின் ரூமில் இருந்தாள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. வரவேற்பில் இருந்த பெண் போன் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. இடப்பதிவுத் திரையில் தேடினாள், இவள் பேரே இல்லை. அன்றைக்கு மட்டுமா, எந்த நாளிலுமே இல்லை. அதிகாரி குறித்துக்கொண்டு போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்த இவள், யாரோ வந்தார்களாம் என்று கேள்விப்பட்டு, வந்தால் வரட்டும் என்று வேலையைப் பார்த்தாள். கட்டடத்து வாசல் கேட்டில் அட்டை தேய்த்த கணக்கு இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். கேட் கட்டடச் சொந்தக்காரருடையதாம், முப்பது நாளுக்கு மேல் விவரத்தை வைத்துக்கொள்ள மாட்டார்களாம். அதிகாரி வந்துபோன நாளிலிருந்து கடிதம் வந்து சேரவே நாற்பது நாள் ஆகியிருந்தது. அவள் செய்த வேலை மொத்தமும் கம்ப்யூட்டரில் தேதியோடு கிடக்கிறது, ஆனால் அதை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்திருக்கலாம் இல்லையா என்று வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஆமாம், வக்கீல். கம்பெனி வக்கீல். மறுநாளே கண்ணாடி அறையில் கூட்டம் போட்டார்கள். வக்கீல், பணியாளர் பிரிவுத் தலைவி, புதிதாக ஒரு அம்மாள். நாற்காலி விஷயத்தை விளக்கி ஒரு கடிதம் கொடுங்கள், முறையீட்டோடு வைக்கிறேன் என்று இவள் கேட்டாள். தலைவி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். நாங்கள் எழுத்தில் கொடுத்தால் இங்கே விசாவில் இருக்கிற மற்ற முப்பது பேரின் ஃபைலையும் திறப்பார்கள், ஒருவருக்காக முப்பது பேரை ஆபத்தில் வைக்க முடியாது என்றார். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு கருணை. பூசி மெழுகுவதற்கென்றே சில பேர் படித்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் உங்களைக் கைவிட மாட்டோம் என்றார் தலைவி. அப்போதுதான் அந்தப் புது அம்மாள் வாயைத் திறந்தார். விசா விழுந்துபோனவர்களை வேறொரு நாட்டுக் கிளைக்குக் குடும்பத்தோடு கொண்டுபோய் வைக்கிற ஏஜென்சிக்காரர். இருபத்தைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடுமாம். டிக்கெட், ஒரு மாதத்துக்கு வீடு, வங்கிக் கணக்கு, எல்லாம் அவர்கள் பொறுப்பாம். வேலை அதே வேலை, டீம் அதே டீம், மீட்டிங்கும் அதே மீட்டிங். சம்பளம் மட்டும் 'அந்த ஊர் அளவுக்கு' மாறும், அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வீட்டுக்குப் பெட்டி எத்தனை வேணும் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நாற்பது என்று அவரே குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் மனதில் அவர் பேர் பெட்டிக்காரம்மா.

"அங்க என் வீட்டுக்காரர் வேலை செய்யலாமா?"

அங்கே துணைவருக்கு வேலை அனுமதி கிடையாது என்றார் பெட்டிக்காரம்மா. ஆனால் குடும்பங்கள் ரொம்ப ரசிக்கிற ஊர் என்று ஒரு படப் புத்தகத்தை நகர்த்தினார். கூடவே ஒரு படிவம். அதில் முதல் வரி: என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த இடமாற்றத்தைக் கோருகிறேன்.

சொந்த விருப்பம். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை அங்கேயே நாலாகக் கிழித்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தாள். கறார் அப்படித்தான் சொல்வாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

நேரே மேஸ்திரியிடம் போனாள். அவர் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது, முகம் வெளிறிக் கிடந்தது. பொறுப்பாளர் கையெழுத்து என்றால் கம்பெனிதான் என்று இல்லை, லீடு போட்டாலும் போதும் என்று சட்டத்தில் இருப்பதைப் படித்துக் காட்டினாள். ஆறு இடத்தையும் நான்தான் என் பேரில் பிடித்தேன், அதில் ஒன்றில் இவள் உட்கார்ந்தாள். இந்த ரெண்டே வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள். அவர் நிமிரவில்லை. தன்னுடைய நிரந்தர வசிப்புரிமை மனு எட்டு வருஷமாக வரிசையில் நிற்கிறது, இன்னும் ரெண்டு மூணு மாதத்தில் வந்துவிடும், கம்பெனிக்குத் தெரியாமல் இப்படி ஒரு காகிதம் கொடுத்தால் தனக்காகப் போட்ட அந்த மனுவைக் கம்பெனியே திரும்பப் பெற்றுவிடும் என்றார். மகன் பள்ளிப் படிப்பை முடிக்கிற வருஷம் என்றார். எல்லாம் நிஜம்தான். நாலு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு, அவளுக்குத் தெரியாததா.

"என்னை மன்னிச்சுரும்மா," என்றார்.

"மன்னிக்கறதுக்கு நான் யாருண்ணா? நான்தான் இல்லவே இல்லையே," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரமே நாற்பது பெட்டி வந்து இறங்கியது. மடித்த அட்டைகள் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சாய்ந்து நின்றன. முதல் ரெண்டு நாள் புருஷன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூணாம் நாள் கிளினிக்கிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, உட்கார்ந்து பத்துப் பெட்டியைப் பிரித்து டேப் ஒட்டினான். தடித்த பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் எழுதினான்: சமையலறை. துணி. குளிர்காலத் துணி. கடைசிப் பெட்டியில் 'என் புத்தகங்கள்' என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்' என்பதை அடித்தான். இவள் கூடத்து வாசலில் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. இந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இவனை இன்னொரு சமையலறையில் உட்கார வைப்பதற்கு நான் ஆள் இல்லை என்று முடிவு செய்தாள். கையெழுத்துக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். சரி, கேட்காமல் வாங்கினால்?

அதற்கு வழி கம்பெனியே வைத்திருந்தது. அங்கிருந்து யார் போனாலும் வேலை ஒப்படைப்பு ஆவணம் ஒன்று எழுத வேண்டும். தன் வேலை மொத்தத்தையும், எது எங்கே ஓடுகிறது, எது உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி, தணிக்கைக்காரர்களுக்காகக் காகிதத்தில் அச்செடுத்து, லீடு ஒவ்வொரு பக்கத்திலும் மையால் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். ஒரு பிரதி போகிறவருக்கு. இந்த ஆவணத்தை அந்தக் கட்டடத்தில் எவனும் படித்ததில்லை. ஊரறிந்த உண்மை. டீவியில் மேட்ச் பார்த்துக்கொண்டே நூறு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட லீடுகள் உண்டு. போன வருஷம் போன ஒருத்தன் நடுப்பக்கத்தில் தன் நாய்க்குட்டியின் படத்தை வைத்தான், அதற்கும் கையெழுத்து விழுந்தது.

போகத் தயாராகிறவள் போலவே கறார் தொண்ணூற்று நாலு பக்கம் எழுதினாள். அத்தனையும் சுத்தமான வேலை, ஒரு அரைப்புள்ளி பிசகாது. எழுபத்தொன்றாம் பக்கத்தில், பேக்கப் அட்டவணைக்கும் பாஸ்வேர்டு மாற்றும் முறைக்கும் நடுவில், அதே எழுத்துருவில், அதே தலைப்பு அளவில் 'பணியிட விவரம்' என்று ஒரு பக்கம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வாரம் நாலு நாள் நாலாம் மாடி, பதினேழாம் இருக்கையில் இந்தப் பணியாளர் வேலை செய்தார், டீமின் ஆறு இருக்கைகளும் லீடின் பேரிலேயே பதிவு செய்யப்பட்டன, இதை லீடு உறுதி செய்கிறார். கீழே கையெழுத்துக்கு இடம்.

எழுதும்போது அவளுக்குக் கூச்சமே இல்லை. அவர் தன்னை நட்டாற்றில் விட்டாரே, நான் அவர் கையெழுத்தைத் திருடினால் என்ன? அண்ணனாம், தங்கச்சியாம். கட்டு மொத்தத்தையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் நாளைக்குத் தர்றேன் என்றார். மறுநாளும் தரவில்லை. மூணாம் நாள், முறையீட்டுக்கு இன்னும் அஞ்சே நாள் பாக்கி இருக்கையில், கட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு நேரே மீட்டிங்குக்குப் போனார்.

அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். கையெழுத்து இருந்தது. முத்திரை இருந்தது. பதினேழு என்று அவள் அச்சடித்திருந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே தன் கையால் பதினாறு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்திலும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

படித்திருக்கிறார். தொண்ணூற்று நாலு பக்கத்தையும் படித்திருக்கிறார். அந்த எண் எங்கே இருக்கும்? மேசைக்கு அடியில், குனிந்து பார்த்தால் தெரிகிற சின்னத் தகட்டில். ரெண்டரை வருஷம் உட்கார்ந்தவள் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை, வாசலிலிருந்து எண்ணிப் பதினேழு என்று போட்டுவிட்டாள். நாற்காலி பிடித்தவருக்கல்லவா எண் தெரியும். பின்னால் விசாரித்தபோது தெரிந்தது, பதினேழு தூணுக்குப் பின்னால் இருக்கிற கணக்குப் பிரிவின் இருக்கை. பதினேழு என்றே போயிருந்தால் அவள் முறையீடு பொய் என்று அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பார்கள். தன் தலையைக் கொடுத்ததோடு, இவள் தப்பையும் திருத்திக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

அந்தப் பக்கத்தை வைத்துத்தான் முறையிட்டாள். வைக்காமல் இருந்திருக்கலாமே என்று யாராவது சொன்னால், நாலு வருஷம் சமையலறையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். கம்பெனி இடப்பதிவு விவரத்தை அனுப்பச் சொல்லி அதிகாரிகள் கேட்டார்கள். ஒத்துப்போனது. ஏழு வாரத்தில் பதில் வந்தது: ஆய்வில் பிழை நேர்ந்தது, நீட்டிப்பு வழங்கப்படுகிறது. பணியாளர் பிரிவுத் தலைவி கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பூங்கொத்துகூட வந்தது. அவளைத் தண்ணி தெளித்துவிட்டவர்களே வாசலில் நின்று வரவேற்றார்கள். இனி எல்லாரும் அவரவர் பேரிலேயே இடம் பதிவு செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. திரையில் முதல் தடவையாக அவள் பேர், பதினாறாம் இருக்கையில்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அதே இடம். ஒருத்தர் எப்படி ரெண்டரை வருஷம் ஆறு நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அதிகாரிகள் கம்பெனியைக் கேட்டார்களாம். லீடு தன்னிச்சையாக விதியை மீறிவிட்டார் என்று கம்பெனி பதில் எழுதிவிட்டதாம். அவருக்காகப் போட்ட நிரந்தர வசிப்புரிமை மனுவையும் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. எட்டு வருஷம், ஒரே கடிதத்தில். அடுத்த மாதம் அந்த வேற்று நாட்டுக் கிளைக்குப் போகிறாராம். படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

"சொந்த விருப்பத்தின் பேரிலா?" என்றாள்.

அவர் சிரித்தார். "ஆமா. முதல் வரியே அதுதானே."

"ஏண்ணா கையெழுத்துப் போட்டீங்க? படிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே."

"பதினேழுன்னு எழுதியிருந்தியே. உன்னை மாதிரி ஆளு அந்த நம்பர்லயே தப்பு விட்டா, நீ எந்த நிலைமையில எழுதியிருப்பேன்னு தோணுச்சு." படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "நீ ஒண்ணும் பேசாதே. வாயைத் திறந்தா உன் ஃபைலைத் திரும்ப எடுப்பாங்க. பிசியோ இப்பத்தான் நிமிர்ந்து நிக்கறார்."

அவள் கேட்கவில்லை. கோபம் தலைக்கேற நேரே தலைவியின் அறைக்குப் போனாள். ஆறு நாற்காலிச் சலுகையைக் கொடுத்தது யார்? போன வருஷக் கூட்டத்தில் டீமை ஒண்ணா உட்கார வைக்கிற லீடு என்று அவரை மேடையில் ஏற்றிக் கைதட்டினது யார்? இப்ப அவர் தன்னிச்சையா மீறிட்டாரா? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தலைகள் திரும்பின. தலைவி கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவை அதன் மேல் வைத்து, மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இதை எழுத்துல தர்றீங்களா?"

வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டவள் அவள். வாய்ப்பேச்சை நம்பாதவள். அந்தத் தாளைப் பார்த்தாள். துடைத்து வைத்த வெள்ளை ஷூ ஞாபகம் வந்தது. தாளைத் தொடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பதினாறாம் இருக்கையில் உட்கார்ந்து, அன்றைய பேக்கப் விழுந்ததா என்று பார்த்தாள். விழுந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டிக்காரம்மா போன் செய்தார். குரலில் அதே சர்க்கரை. நீங்கள் இங்கேயே இருப்பதில் ரொம்ப சந்தோஷம் என்றார். அந்த நாற்பது பெட்டியும் சும்மாத்தானே இருக்கும், திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றார். பக்கத்திலேயே இன்னொரு குடும்பத்துக்கு வேணுமாம், நாலு தெரு தள்ளித்தான், ஒரே வண்டியில் முடிந்துவிடுமாம். எழுதின பெட்டி இருந்தாலும் பரவாயில்லை, மேலே தாள் ஒட்டிக்கொள்வார்களாம்.

பெட்டி ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்து கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதல் அட்டையை மடிப்பில் அறுத்தாள். கெட்டி அட்டை, சுலபத்தில் போகவில்லை. ரெண்டு கையாலும் அழுத்தி இழுத்தாள். ரெண்டாவது, மூணாவது. உள்ளங்கை எரிந்தது. கம்பெனியைத் திட்டினாள், வக்கீலைத் திட்டினாள், நாற்காலிக்குச் செயலி கண்டுபிடித்தவனைத் திட்டினாள், அதிகாரியின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். திட்டி முடித்தபோது இன்னும் முப்பது பெட்டி பாக்கி இருந்தது.

புருஷன் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தான். கூடம் முழுக்க அட்டைத் துண்டு. விஷயத்தைச் சொன்னாள்.

"பெட்டி இல்லேன்னா அவங்க போகாம இருந்துடுவாங்களாம்மா?" என்றான் மெதுவாக.

"மாட்டாங்க." கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "எழுத்துல தர்றியான்னு கேட்டாங்கப்பா. தாளைக்கூட நீட்டினாங்க. நான் எழுதலை."

அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். திங்கள்கிழமை போய் எழுதிக் கொடுத்துடு என்று அவன் சொல்வானா என்று அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது.

அவன் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்தான். அப்புறம் வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அட்டையின் மறுமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் அறுத்தாள்.